கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம், கத்திக்கு நாள் பார்க்க மாட்டோமா?

தலைப்பு: பெரிய ஆபரேஷன் என்றால், முன்கூட்டியே நாள் குறித்துச் செய்துகொள்வதா? முற்றிய பிறகு பார்த்துக்கொள்வதா?

அணி: நாள் குறித்துச் செய்துகொள்வதே!

பேசியவர்: ஆபரேஷன் தியேட்டர் செவிலியர், மதுரை



எதிரணி ஐயா ரொம்ப அழகாச் சொன்னார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வலிக்காத வயித்தை எதுக்கு அறுக்கணும்? வரும்போது பார்த்துக்கலாம்" என்றார். நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். சங்கு சும்மா கிடந்தா ஊத வேண்டாம்தான். ஆனா ஐயா, நான் சொல்லப்போற சங்கு சும்மா கிடக்கிற சங்கு இல்லை. நாம ஊதாட்டி, அது தானா ஊதும். அதுவும் வீட்டு வாசல்ல வந்து ஊதும்.

(அரங்கத்தில் அமைதி)

நடுவர்: என்னம்மா, எடுத்த எடுப்பிலேயே பயமுறுத்துறீங்க!

பயமுறுத்த வரலை ஐயா. நான் 26 வருஷமா ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பார்க்கிறேன். டாக்டர் கையை நீட்டினா கத்திரியைக் கொடுக்கிற வேலை. அந்த அறைக்கு இரண்டு விதமா ஆட்கள் வருவாங்க. காலை 8 மணிக்கு, குளிச்சு, பச்சை கவுன் போட்டு, "சிஸ்டர், பயமா இருக்கு" என்று சொல்லிக்கிட்டே வர்றவங்க ஒரு விதம். ராத்திரி 2 மணிக்கு ஸ்ட்ரெச்சரில், கட்டின புடவையோட, பேச்சு மூச்சில்லாம வர்றவங்க இன்னொரு விதம். அதே மேஜை, அதே விளக்கு, பல சமயம் அதே டாக்டர். ஆனா வெளியே வரும்போது கணக்கு ஒண்ணா இருக்கிறதில்லை.

கணக்கைச் சொல்லிடறேன். இது நானாச் சொல்றது இல்லை. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 27 நாடுகளில், முன்கூட்டியே நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொண்ட 44,814 பேரை எண்ணிப் பார்த்தது. ஆஸ்பத்திரியிலேயே இறந்தவர்கள் 207 பேர். அதாவது ஆயிரத்துக்கு ஏறக்குறைய 5 பேர். அதே 2016-இல் இன்னொரு ஆய்வு. 58 நாடுகளில், அவசரமா வயிற்றில் ஆபரேஷன் செய்யப்பட்ட 10,745 பேர். 30 நாளுக்குள்ளே இறந்தவர்கள் நூற்றுக்கு 5.4 பேர். அதாவது ஆயிரத்துக்கு 54 பேர்.

5 எங்கே, 54 எங்கே!

(கைதட்டல்)

கை தட்டாதீங்க, இருங்க. எதிரணி ஐயா இந்த இடத்தில் என்னைப் பிடிப்பார். "அம்மா, இரண்டும் ஒரே ஆபரேஷன் இல்லையே? அவசரமா வர்றவன் ஏற்கெனவே சாகக் கிடக்கிறவன். அவனையும், நல்லா நடந்து வர்றவனையும் ஒரே தராசுல நிறுக்கலாமா?" என்பார். நியாயமான கேள்வி. ஒத்துக்கிறேன். அந்த வித்தியாசம் முழுக்க நாள் குறிச்சதால மட்டும் வந்தது இல்லை.

அப்போ ஒரே வியாதியைப் பார்ப்போமா? நம்ம வயிற்றுக்குள்ளே முதுகெலும்பை ஒட்டிப் பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு ஓடுது. சிலருக்கு, முக்கியமா வயசான, பீடி சிகரெட் பிடிச்ச ஆம்பளைங்களுக்கு, அது சைக்கிள் டியூப் ஒரு இடத்தில் புடைக்கிற மாதிரி புடைச்சுக்கும். வலி இருக்காது. பிரிட்டனில் 2004-இல் வெளிவந்த ஆய்வில், அந்தப் புடைப்பு வெடிக்கிறதுக்கு முன்னாடியே நாள் குறித்துச் சரிசெய்துகொண்டவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனில் நூற்றுக்கு 4.7 பேர். தொடை வழியாக் குழாய் விட்டுச் செய்ததில் நூற்றுக்கு 1.7 பேர். அதே பிரிட்டனில், அது வெடிச்ச பிறகு வந்தவர்களை வைத்து 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. இறந்தவர்கள், எந்த முறையானாலும், நூற்றுக்கு 35 பேருக்கு மேலே! அதுவும் ஆஸ்பத்திரி வரைக்கும் உயிரோட வந்து சேர்ந்தவங்க கணக்கு ஐயா. வழியிலேயே போனவங்க இந்தக் கணக்கில் இல்லை.

ஒரே குழாய், ஒரே புடைப்பு. வெடிக்கிறதுக்கு முன்னாடி, வெடிச்சதுக்குப் பின்னாடி. அவ்வளவுதான் வித்தியாசம்.

நடுவர்: அப்படின்னா புடைச்ச உடனே எல்லாரும் ஓடிப்போய் வெட்டிக்கணுமா?

இல்லை ஐயா! நல்ல கேள்வி கேட்டீங்க. ஆம்பளைங்களுக்கு அந்தப் புடைப்பு 5.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா, பொதுவா டாக்டரே கத்தியை எடுக்க மாட்டார். குறிச்ச நாளில் வரச் சொல்லி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்பார். அதுவும் நாள் குறிக்கிறதுதானே? டாக்டருக்குத் தெரிஞ்சு காத்திருக்கிறது வேற. நாமளா மூடி மறைச்சுக் காத்திருக்கிறது வேற. எதிரணி ஐயா இரண்டையும் ஒரே கூடையில் போட்டுட்டார்.

(கைதட்டல்)

அப்படி நாள் குறிச்சா என்னதான் மாறுது? தியேட்டர்ல நின்னு பார்த்தவ சொல்றேன், கேளுங்க.

முதல்ல வயிறு. நாள் குறிச்சு வர்றவங்களை "6 மணி நேரத்துக்கு முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திடுங்க" என்று சொல்லுவோம். வயிறு காலியா இருக்கும். அவசரமா வர்றவர் வயித்துல ராத்திரி சாப்பிட்ட புரோட்டா அப்படியே கிடக்கும். மயக்க மருந்து கொடுக்கும்போது அது மேலே ஏறி நுரையீரலுக்குள்ளே போயிட்டா, ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் ஆளைக் காப்பாத்தறது கஷ்டம்.

அடுத்து ரத்தம். நம்ம பொம்பளைங்க பாதிப்பேருக்கு உடம்புல ரத்தம் குறைச்சல். நாள் இருந்தா இரும்புச்சத்து கொடுத்து ஏத்திக்கலாம். ரத்த வகையைப் பார்த்து முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். ராத்திரி 2 மணிக்கு, "பி நெகடிவ் யாருக்காவது இருக்கா?" என்று மகன் வாசல்ல நின்னு போனைப் போட்டுக்கிட்டு இருப்பான்.

அப்புறம் சர்க்கரை, பிரஷர், இதயம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க உண்டு. அதை எத்தனை நாளைக்கு முன்னாடி நிறுத்தணும்னு டாக்டர் கணக்குப் போடுவார். பீடி பிடிக்கிறவர் நாலு வாரம் நிறுத்தினா, அந்த நாலு வாரமே அவர் நெஞ்சுக்கு மருந்து. இதெல்லாம் ராத்திரியில நடக்குமா? நடக்காது.

கடைசியா, நாங்க. நாங்களும் மனுஷங்கதானே ஐயா? காலையில் தூங்கி எழுந்து வர்ற கை வேற, விடிய விடிய நின்ன கை வேற. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் 19 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் கொடுத்தது. ஆள் சரியா, இடம் சரியா, ஒவ்வாமை இருக்கா, பஞ்சு எண்ணியாச்சா என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்கிற பட்டியல். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதிச்சாங்க. சாவு நூற்றுக்கு 1.5-இல் இருந்து 0.8 ஆகக் குறைஞ்சது. அவசர ஆபரேஷன்களை மட்டும் தனியாப் பார்த்தாலும் 3.7-இல் இருந்து 1.4 ஆகக் குறைஞ்சது. ஒரு காகிதம், இரண்டு நிமிஷம். தயாரா இருக்கிறதுக்கு அவ்வளவு பலன் இருக்கு.

சரி, நாள் குறிக்கவே முடியாத வியாதிகள் இல்லையா? இருக்கு. குடல்வால் இருக்கு, விபத்து இருக்கு. அங்கே நாள் கிடையாது, மணிதான். 1902-இல் இங்கிலாந்து ராஜா ஏழாம் எட்வர்டுக்கு ஜூன் 26-ஆம் தேதி முடிசூட்டு விழா. ஊரெல்லாம் தோரணம், உலகமெல்லாம் இருந்து விருந்தாளிங்க. அதுக்கு முன்னாடியே குடல்வால் சீழ் பிடிச்சுக்கிச்சு. விழாவை முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம் என்றுதான் ராஜாவுக்கு எண்ணம். டாக்டர் டிரீவ்ஸ் விடலை. ஜூன் 24-ஆம் தேதி அரண்மனையிலேயே ஆபரேஷன். சமைச்ச விருந்து ஏழைகளுக்குப் போச்சு. ராஜா பிழைச்சு ஆகஸ்ட் 9-ஆம் தேதி முடிசூட்டிக்கிட்டார். கிரீடம் காத்திருந்தது, குடல் காத்திருக்கலை.

(பலத்த கைதட்டல்)

1926-இல் அமெரிக்காவில் ஹூடினி என்ற மாஜிக் நிபுணர். எந்தப் பூட்டையும் திறந்து வெளியே வருவார். அவருக்கும் குடல்வால்தான். நாள் கணக்கில் வலி. டெட்ராய்ட் நகரத்தில் காய்ச்சலோடு மேடை ஏறினார். ஆட்டத்தை முடிச்ச பிறகுதான் ஆஸ்பத்திரி. அப்போது குடல்வால் வெடிச்சு வயிறெல்லாம் சீழ். அக்டோபர் 31-ஆம் தேதி இறந்துபோனார். வயசு 52. அந்தக் காலத்தில் இன்னைக்கு இருக்கிற நோய்க்கிருமி மருந்துகளும் இல்லை. ராஜா விழாவை நிறுத்தினார், இவர் ஆட்டத்தை நிறுத்தலை.

நடுவர்: ராஜா கதை சொன்னீங்க, மாஜிக்காரர் கதை சொன்னீங்க. நம்ம வீட்டுக் கதை ஒண்ணு சொல்லுங்களேன்.

சொல்லத்தான் வந்தேன் ஐயா. எங்க அம்மா கதை.

எங்க ஊர் சாத்தூர்ப் பக்கம். அம்மாவுக்கு அப்போ 67 வயசு. 2011 ஜனவரியில் ஒரு நாள் போன்ல பேசும்போது, "அடித்தொடையில நெறி கட்டியிருக்குடி. சுக்கு அரைச்சுப் பத்துப் போட்டிருக்கேன்" என்றாள். நான் நர்ஸ் இல்லையா? "எத்தனை நாளா?" என்று கேட்டேன். "கொஞ்ச நாளாத்தான். படுத்தா உள்ளே போயிடுது, நின்னா வருது" என்றாள். எனக்குப் புரிஞ்சது, இது நெறி இல்லை. குடலிறக்கம். "மதுரைக்குக் கிளம்பி வா, டாக்டர்கிட்டக் காட்டலாம்" என்றேன். "உன் மகனுக்குப் பத்தாவது பரீட்சை முடியட்டும். இப்ப நான் வந்தா பையன் படிப்புக் கெடும்" என்றாள்.

சரின்னுட்டேன் ஐயா. ஊருக்கெல்லாம் தேதி எழுதிக் கொடுக்கிறவ, எங்க அம்மாவுக்குச் சரின்னுட்டேன்.

ஏப்ரலில் பரீட்சை முடிஞ்சது. மே மாசம் என் அண்ணன் மகளுக்குக் காது குத்து. "அது முடியட்டும்." ஆடி வந்தது. "இருக்கன்குடி மாரியம்மனுக்குக் கடைசி வெள்ளிக்கு வரேன்னு வேண்டியிருக்கேன். நடந்து போயிட்டு வந்துடறேன்." ஆவணியில் சின்னத் தம்பி கல்யாணம். "கல்யாணத்துல நான் படுக்கையில கிடந்தா நல்லாவா இருக்கும்?" ஒவ்வொரு தடவையும் அவ ஒரு தேதி சொன்னா. எல்லாம் மத்தவங்க தேதி.

கல்யாணம் நல்லா நடந்தது. மூணாம் வாரம், ஒரு சனிக்கிழமை, வாந்தி. அஜீரணம்னு ஓமத்தண்ணி குடிச்சிருக்கா. ஞாயிற்றுக்கிழமையும் வாந்தி. வயிறு உப்பிப் போச்சு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட, "மதுரைக்குச் சொல்லாதே, அவளுக்கு நைட் டூட்டி" என்று சொல்லியிருக்கா. ராத்திரி வாடகைக் கார் பிடிச்சுக் கொண்டு வந்தாங்க. நான் வாசல்ல நிக்கிறேன். மணி ஒண்ணேமுக்கால்.

வயித்தைத் திறந்தப்போ, மாட்டிக்கிட்ட குடல் கறுத்துப் போயிருந்தது. அழுகின பகுதியை எடுத்தாங்க. டாக்டர்கள் செய்யவேண்டிய எல்லாத்தையும் செய்தாங்க, யார் மேலேயும் எனக்குக் குறை இல்லை. அதுக்குள்ளே விஷம் ரத்தத்துல கலந்திருந்தது. மூணாம் நாள் சிறுநீர் இறங்கலை. நாலாம் நாள் விடியக்காலை அம்மா போயிட்டா.

ஐயா, உள்ளேயே நின்னு பழகினவ நான். அன்னைக்குத்தான் அந்தக் கதவுக்கு வெளியே நின்னேன். வெளியே எப்படி நிக்கணும்னு எனக்குத் தெரியலை.

(அரங்கத்தில் அமைதி)

பிறகுதான் தேடிப் படிச்சேன். சுவீடன் நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குடலிறக்க ஆபரேஷன்களை ஆராய்ந்து 2007-இல் எழுதியிருக்காங்க. நாள் குறித்துச் செய்துகொண்டவங்களுக்கு, ஊரில் சும்மா இருக்கிற அதே வயசுக்காரங்களைவிட சாவு அதிகமே இல்லை. அவசரமாச் செய்யும்போது 7 மடங்கு. குடலையும் வெட்டி எடுக்க வேண்டி வந்தா 20 மடங்கு. பொம்பளைங்க அதிகமாச் செத்திருக்காங்க. ஏன்னா எங்க அம்மாவுக்கு வந்த மாதிரி அடித்தொடையில வர்ற குடலிறக்கம் பொம்பளைங்களுக்குத்தான் அதிகம். அது இடுக்கான இடம், குடல் சீக்கிரம் மாட்டிக்கும்.

எதிரணி ஐயாவுக்காக இன்னொரு உண்மையையும் சொல்லணும். 2006-இல் அமெரிக்காவில் 720 ஆம்பளைங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தொந்தரவு இல்லாத, சாதாரணக் குடலிறக்கமா இருந்தா, டாக்டர் பார்வையில் இருந்துகிட்டே காத்திருக்கலாம், திடீர்னு ஆபத்து வர்றது அபூர்வம் என்று அது சொல்லுது. அதனால் புடைப்பு இருக்கிற எல்லாரும் நாளைக்கே படுத்துக்கணும்னு நான் சொல்ல வரலை. எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டு அக்கா இல்லை. பரீட்சை அட்டவணை இல்லை. பஞ்சாங்கமும் இல்லை.

அதுக்குப் பிறகு ஒரு நாள், எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரையும் ஒரு அறையில உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். "வெட்கப்படாமச் சொல்லுங்க. யாருக்காவது அம்மாவுக்கு வந்த மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாங்க. கடைசியில் எங்க பெரியம்மா, அம்மாவுடைய கூடப்பிறந்த அக்கா, 74 வயசு, தலையைக் குனிஞ்சுகிட்டே கையைத் தூக்கினாங்க.

(கைதட்டல்)

பெரியம்மாவுக்குச் சர்க்கரை 280. ரத்தம் எட்டுதான். டாக்டர் மூணு வாரம் கொடுத்தார். சர்க்கரை இறங்கிச்சு, ரத்தம் ஏறிச்சு. "நடுவுல வாந்தியோ, புடைப்பு உள்ளே போகாம வலியோ வந்தா அந்த நிமிஷமே வரணும்" என்று எழுதிக் கொடுத்தார். காப்பீட்டு அட்டைக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கினோம். வட்டிக்கு ஒரு பைசா வாங்கலை. அம்மாவுக்கு அந்த ராத்திரி அண்ணன் அடகு வைத்த சங்கிலி, திரும்பவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குப் பெரியம்மா உள்ளே போனாங்க. "ஏம்மா, செவ்வாய்க்கிழமையா?" என்று கேட்டாங்க. "ஆமாம் பெரியம்மா, அன்னைக்குத்தான் டாக்டரும் நல்லாத் தூங்கி எழுந்து வர்றாரு" என்றேன்.

(சிரிப்பு, கைதட்டல்)

மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டாங்க. இன்னைக்கும் இருக்காங்க. இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கிட்டு, "என் கதையை ஊருக்கெல்லாம் சொல்லிட்டாளே" என்று என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாங்க.

ஒரே வயித்துல பிறந்த இரண்டு பேர். ஒரே வியாதி. அக்காவுக்குத் தங்கையைவிட ஏழு வயசு அதிகம். சர்க்கரையும் அதிகம். பிழைச்சது அக்கா. எனக்குக் கிடைச்ச சாட்சி அதுதான் ஐயா.

நடுவர்: நேரம் ஆச்சும்மா. முடிச்சுக்குங்க.

முடிச்சுடறேன். அம்மா போன பிறகு வீட்டை ஒழுங்கு பண்ணினப்போ, அடுப்படியில் மாட்டியிருந்த மாசக் காலண்டரை எடுத்துப் பார்த்தேன். எங்க அம்மா படிச்சது அஞ்சாவது. பென்சிலால் எல்லாத்தையும் குறிச்சு வைப்பா. கேஸ் வந்த தேதி. சீட்டுப் பணம் கட்டின தேதி. என் மகன் பரீட்சை ஆரம்பிக்கிற தேதி. காது குத்து. இருக்கன்குடி. கல்யாணம். பசு சினையான தேதிகூட இருந்தது ஐயா. ஜனவரியில் இருந்து செப்டம்பர் வரைக்கும் புரட்டிப் பார்த்தேன். அவளுக்குன்னு ஒரு தேதி இல்லை.

இந்த அரங்கத்திலும், வீட்டிலும் உட்கார்ந்திருக்கிற மகன்களே, மகள்களே! அப்பாவை நேரா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிடறோம். அம்மா சொல்ல மாட்டா. கேட்டா, "ஒண்ணும் இல்லை" என்பா. இன்னொரு தடவை கேளுங்க. "பரீட்சை முடியட்டும்" என்று சொன்னா, என்னை மாதிரி சரின்னு போனை வைக்காதீங்க. காலண்டரை எடுத்து, ஒரு தேதியைக் காட்டி, அவ கையிலேயே பென்சிலைக் கொடுத்துக் குறிக்கச் சொல்லுங்க.



(நீண்ட கைதட்டல்)